முதல் கவுனுக்கு எந்தத் துணி, எந்த மாதிரி?

அண்ணன் மகள் போன வாரம் போனில் கூப்பிட்டாள். "அத்தை, மிஷின் வாங்கிட்டேன். எனக்கு நானே ஒரு கவுன் தைக்கப்போறேன். முட்டி வரைக்கும், அடி விரிஞ்ச ஏ-லைன், அரைக்கை, ரெண்டு பக்கமும் பாக்கெட். துணிக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல போடமாட்டேன். என்ன துணி எடுக்கட்டும்? பேட்டர்ன் எங்கே வாங்கட்டும்?"

அவள் முன்னே பின்னே தைத்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஹெம்மிங் போட்டதோடு சரி. யாரும் சொல்லாமல் தானாகவே ஆசைப்பட்டு மிஷின் வாங்கியிருக்கிறாள் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கூடவே ஒரு கவலையும் வந்தது. முதல் உடை கெட்டுப்போனதும் மிஷினை மூடி வைத்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் கையில் குறை இருந்ததில்லை. எடுத்த துணி ஒரு பக்கம் இழுத்தது, எடுத்த மாதிரி, அதாவது துணியை வெட்ட வைத்திருக்கும் பேட்டர்ன், இன்னொரு பக்கம் இழுத்தது. புதிதாகத் தைப்பவரால் இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க முடியவில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணிக்குப் பாப்ளின் அல்லது கேம்ப்ரிக், இரண்டும் பருத்தி. மாதிரிக்கு, அவளிடம் இருப்பதிலேயே உடம்புக்குச் சரியாக நிற்கும் ஒரு காட்டன் குர்த்தி. விலை கொடுத்து வாங்கும் பேட்டர்ன் இப்போது வேண்டாம். ரேயான் இரண்டாவது உடைக்கு. கிரேப் என்ற பாலியஸ்டர் துணி இந்த வருஷம் வேண்டவே வேண்டாம். இதைக் கேட்டதும், "பாப்ளினா அத்தை? அது உள்பாவாடைத் துணி ஆச்சே!" என்றாள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மலிவான துணியில் தொடங்குவது நல்லது. மீட்டர் 700 ரூபாய்த் துணியை விரித்து வைத்தால் கத்தரி எடுக்கவே மனம் வராது. 90 ரூபாய்த் துணியில் தைரியமாக வெட்டலாம், தப்பினால் அக்கா பிள்ளைக்கு ஒரு சட்டையாவது தேறும். ஆனால் விலையில் மலிவு என்பது வேறு, தைக்க எளிது என்பது வேறு. ஒரே விலையில் அடுத்தடுத்து அடுக்கியிருக்கும் இரண்டு துணிகளில் ஒன்று கை வைத்த இடத்தில் நிற்கும், இன்னொன்று கத்தரி பட்டவுடன் நழுவும். கடையில் கையால் தடவிப் பார்க்கும்போது நழுவுகிற துணிதான் அழகாகத் தெரியும். முதல்முறை வாங்குகிறவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

துணியில் எது?

ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை ஜவுளிச் சந்தை கூடும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை கோடவுன் தெரு இருக்கிறது, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு இருக்கிறது. எங்கே போனாலும் இந்த விலைக்குள் கண்ணில் படுபவை பாப்ளின், கேம்ப்ரிக், ரேயான், கிரேப், காடா. வீட்டு அலமாரியில் காசில்லாமல் கிடப்பது பழைய காட்டன் சேலை.

பாப்ளினை உள்பாவாடைக்கும் லைனிங்குக்கும் மட்டுமே எடுத்துப் பழகியதால் நம்மில் பலர் அதை உடைத் துணியாகவே நினைப்பதில்லை. ஆனால் கற்றுக்கொள்பவருக்கு அதைவிட ஒத்தாசையான துணி கிடையாது. சாக்பீஸ் கோடு தெளிவாக விழும். நகத்தால் ஒரு கீறு கீறினால் மடிப்பு அப்படியே நிற்கும், ஊசி குத்திப் பிடிக்க வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் அந்த நகக்கீறலே போதும். தையல் தப்பிப் பிரித்தால் ஊசி போன துளைகள் ஒரு முறை தண்ணீர் தெளித்துத் தேய்த்ததும் மறைந்துவிடும். முதல் கவுனில் பிரிப்பது நிச்சயம், அதனால் இதை நான் பெரிய குணமாகச் சொல்வேன். கேம்ப்ரிக் அதே குணத்தோடு இன்னும் கொஞ்சம் மெல்லியதாக, பிரிண்ட் போட்டுக் கிடைக்கும். உள்பாவாடை என்ற எண்ணம் மனதை உறுத்தினால் அதை எடுக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. பாப்ளின் விறைப்பு. உடம்போடு வழியாது, சற்று விலகி நிற்கும். ஏ-லைன் வெட்டுக்கு அந்த விறைப்பு பொருந்தும், பாக்கெட்டும் தொங்காது. சுருக்கு அதிகமாக வைத்த உடை என்றால் வயிற்றுப் பக்கம் உப்பிக்கொண்டு நிற்கும், அதற்கு இது ஆகாது. உட்கார்ந்து எழுந்தால் கசங்கும். வெளிர் நிறத்தில் எடுத்தால் வெயிலில் நின்றால் உள்ளே தெரியும். கருநீலம், மெரூன், இலைப்பச்சை என்று அடர்த்தியான நிறமாக எடுத்தால் லைனிங் செலவு மிச்சம்.

பாப்ளினை நான் நம்புவதற்கு இன்னொரு காரணம், அது கிழிகிற விதம். சந்தையில் நான் வழக்கமாகத் துணி எடுக்கும் பெரியவர் மீட்டர் கோலால் அளந்து, துணியின் நெசவு ஓரமான கரையில் கத்தரியால் அரை இஞ்ச் வெட்டுவார். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். சர்ரென்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே நூலில் கிழியும். அப்படிக் கிழிந்த ஓரம் ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், ஓடும் கோடு. வீட்டுக்கு வந்து துணியை நீளவாக்கில் மடித்து, கரையோடு கரை சேர்த்துப் பிடிக்க வேண்டும். கிழிந்த ஓரங்களும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் நீள நூலான பாவும் ஊடையும் நேராக இருக்கின்றன. ஒரு ஓரம் மேலேயும் ஒரு ஓரம் கீழேயும் போனால் துணி கோணியிருக்கிறது. கொஞ்சம் கோணல் என்றால் ஈரமாக இருக்கும்போது எதிர் மூலைகளைப் பிடித்து இருவர் இழுத்தால் சரியாகும். கவனிக்காமல் அப்படியே வெட்டித் தைத்தால் நாலு சலவைக்குப் பிறகு பக்கத் தையல் முன்னால் திரும்பி வந்து நிற்கும். அதற்கு அப்புறம் யாராலும் அதைச் சரிசெய்ய முடியாது. கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுத்த ஓரம் இந்தச் சோதனைக்கு உதவாது, அதனால் நான் "கிழிச்சே குடுங்க" என்று கேட்டு வாங்குவேன்.

கட்டம் போட்ட துணி, கோடு போட்ட துணி எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மலிவான துணியில் பிரிண்டே கோணலாக விழுந்திருக்கும். கிழிந்த ஓரத்துக்கும் கோட்டுக்கும் இடையே ஒரு பக்கம் அரை இஞ்ச், மறுபக்கம் இரண்டு இஞ்ச் என்று இருந்தால் அந்தத் துணியை வைத்துவிட்டு வர வேண்டியதுதான். நூலுக்கு ஏற்ப வெட்டினால் கோடு சாயும், கோட்டுக்கு ஏற்ப வெட்டினால் உடை முறுக்கும்.

ரேயானுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து விசைத்தறிகளில் நிறைய ஓடுவது அதுதான். கடையில் தொங்கும் குர்த்திகளில் கணிசமானவை ரேயான், அண்ணன் மகள் தினமும் உடுத்துவதும் அதுவே. அதனால் அவள் மனதில் 'டிரஸ் துணி' என்றால் ரேயான். நெகிழ்வாக விழும், குளிர்ச்சியாக இருக்கும், நிறம் ஆழமாகப் பிடிக்கும். எனக்கும் பிடித்த துணி. ஆனால் வெட்டும்போது கீழ் மடிப்பு ஒரு பக்கமும் மேல் மடிப்பு ஒரு பக்கமும் நகரும். கழுத்தை வெட்டிய நிமிஷத்திலிருந்து அந்த வளைவு இழுபட ஆரம்பிக்கும். நனைந்தால் நூலின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், முறுக்கிப் பிழிந்தால் தையல் ஓரத்தில் துணி விலகும்.

நான் ரேயானில் தைத்த முதல் உடையை இன்னும் வைத்திருக்கிறேன். துணியை நனைக்காமலே வெட்டினேன். தோள் மூட்டிப் போட்டுப் பார்த்தபோது கழுத்து அழகாக நின்றது. வேலை வந்துவிட்டதால் ஹேங்கரில் மாட்டிவிட்டு மூன்று நாள் கழித்து கழுத்தோரத்தில் பைப்பிங் பட்டி வைக்க எடுத்தேன். கழுத்து அகன்று தோளிலிருந்து சரிந்தது. எப்படியோ பிடித்துச் சுருக்கி முடித்தேன். இரண்டு சலவைக்குப் பிறகு 42 இஞ்ச் நீளம் 40 ஆகிவிட்டது. கழுத்து அகன்றதும் நீளம் குறைந்ததும் துணியின் குணம், கடைக்காரர் மேல் குறையில்லை. அந்தக் குணம் தெரிந்தவர் கழுத்தை வெட்டியவுடனே ஓரத்திலிருந்து கால் இஞ்ச் தள்ளி ஒரு தையல் ஓட்டிவிடுவார், வெட்டும் முன்பே துணியை இரண்டு தரம் நனைத்துக் காயவைப்பார். முதல் உடையில் நூல் கோர்க்கவும் நேராக ஓட்டவும் கற்றுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இந்தச் சுமையும் சேர வேண்டாம் என்பது என் எண்ணம்.

கிரேப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாலியஸ்டர். சுருங்காது, சாயம் போகாது, விலையும் குறைவு. ஆனால் தையல் ஓட்டினால் சுருக்கு விழும், இஸ்திரிப் பெட்டி சூடு கூடினால் இளகும், நம் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது. தேய்த்து மடிப்பு நிறுத்தவும் முடியாது. மடிப்பு நிற்காத துணியில் பாக்கெட் தைக்கச் சொல்லிக்கொடுப்பது சிரமம்.

துணி என்னவென்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலு நூல் உருவிச் சமையலறைத் தொட்டியருகே நின்று கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். ரேயானும் பருத்தி போலவே எரியும் என்பதால் அவை இரண்டையும் பிரித்தறிய நெருப்பு உதவாது. அதற்கு ஒரு நூலை நாக்கில் நனைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். நனைந்த இடத்தில் பொட்டென்று அறுந்தால் ரேயான், தாக்குப்பிடித்தால் பருத்தி.

காடாவை உடைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெளுக்காத துணி, நிறைய சுருங்கும், சொரசொரப்பாகவும் இருக்கும். அது ஒத்திகைக்கு உரியது. மேல்நாட்டில் நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் மலிவான பருத்தித் துணியில் ஒரு உடையை வெட்டிப் பார்ப்பார்கள். அந்தத் துணியின் பெயராலேயே ஒத்திகை உடைக்கு 'மஸ்லின்' என்று பெயர் வந்துவிட்டது. நமக்கு அந்த வேலையைக் காடா செய்யும், கிழிந்த பெட்ஷீட்டும் செய்யும்.

பழைய சேலைதான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. அண்ணி ஒரு சுங்குடிச் சேலையை எடுத்து வைத்திருக்கிறாராம், "அதுலயே தை" என்று. இலவசம். நூறு சலவை கண்டது, இனிமேல் சுருங்க ஒன்றுமில்லை. ஐந்தரை மீட்டர் இருப்பதால் ஒரு பாகம் கெட்டாலும் இன்னொன்று வெட்டலாம். ஆனால் சேலை ஒரே சீராகத் தேய்வதில்லை. உட்காரும் பகுதி நைந்திருக்கும், முந்தி வெயிலில் வெளுத்திருக்கும், உள்சுற்று மட்டும் புதிது போல இருக்கும். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, சந்தேகமான இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து லேசாக இழுக்க வேண்டும். நூல் விலகினால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு ஒதுக்கிவிட வேண்டும். மிச்சம் இரண்டரை மீட்டர் தேறினால் தைக்கலாம். மெல்லிசாக இருப்பதால் லைனிங் கட்டாயம் வேண்டும். லைனிங் என்றால் வேலை இரண்டு மடங்கு.

சேலையின் கரையைக் கவுனின் அடியில் வர வைக்கலாமே என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். சேலைக் கரை நேர்கோடு. ஏ-லைனின் அடி வளைவு. நேர்கோட்டை வளைவில் பொருத்தினால் பக்கங்கள் இரண்டும் கீழே தொங்கும். இடுப்பில் சுருக்கு வைத்து, அடி நேராக வெட்டிய பாவாடை என்றால் கரை அற்புதமாக உட்காரும். அண்ணியின் சுங்குடியை அந்த மாதிரி உடைக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா கட்டிய சேலையில் கை பழகாமல் கத்தரி வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

விலை பார்ப்பதற்கு முன் பன்னா பார்

மீட்டர் விலையை மட்டும் பார்த்து எடுத்தால் கணக்கு தவறும். துணியின் பன்னா, அதாவது அகலம், பெரும்பாலும் 44 இஞ்ச் அல்லது 58 இஞ்ச். அண்ணன் மகளுக்கு மார்புச் சுற்றளவு 36, உடை நீளம் 42. அடியில் ஒரு பாகத்தின் அகலம் 26 இஞ்ச், தையலுக்காக ஓரத்தில் விடும் பிடியோடு 28. 44 பன்னாவில் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடம் போதாது. ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும். மேல் கீழ் மடிப்போடு ஒரு பாகத்துக்கு 44 இஞ்ச், இரண்டுக்கு 88. ஓரத்தில் மிஞ்சும் பட்டையில் கை, பாக்கெட், கழுத்துப் பட்டி வந்துவிடும். சுருக்கத்துக்கும் சேர்த்து இரண்டரை மீட்டர்.

58 பன்னாவில் இரண்டு கரையையும் நடுவுக்குக் கொண்டுவந்து மடித்தால் இரண்டு பக்கமும் பதினாலரை இஞ்ச் மடிப்பு கிடைக்கும். ஒரு மடிப்பில் முன்பாகம், மறு மடிப்பில் பின்பாகம். 44 இஞ்ச் நீளத்திலேயே இரண்டும் முடிந்துவிடும், கைக்கு இன்னும் பத்து இஞ்ச். ஒன்றரை மீட்டர் போதும், ஆனால் இறுக்கமான கணக்கு. 44 பன்னா மீட்டர் 90 ரூபாய் என்றால் இரண்டரை மீட்டருக்கு 225. 58 பன்னா 140 ரூபாய் என்றால் ஒன்றரை மீட்டருக்கு 210. மீட்டர் விலை கூடின துணிக்கு மொத்தச் செலவு குறைவு.

ஆனாலும் அவளை 44 பன்னாவில் மூன்று மீட்டர் எடுக்கச் சொன்னேன். கூடுதல் அரை மீட்டர் தப்புக்கு. ஒரு கை தலைகீழாக வெட்டுப்பட்டால் இன்னொரு கை வெட்ட துணி இருக்க வேண்டும். 45 ரூபாய் அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கடையில் இன்னும் இரண்டு சோதனை. துணியை இரண்டு மடிப்பாக்கி ஒன்றோடொன்று தேய்த்தால் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் கஞ்சி அதிகம். துவைத்ததும் சல்லடை போல ஆகிவிடும். ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்தால் நிறம் ஏறினால் சாயம் போகும். மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

மாதிரி எங்கிருந்து?

வழி மூன்று. இருக்கும் உடையைப் பார்த்து எடுப்பது, அளவு எடுத்துத் தானே வரைவது, அச்சிட்ட பேட்டர்ன் வாங்குவது.

நம் வீடுகளில் முதல் வழி புதிதல்ல. தையல்காரரிடம் போகும்போது 'அளவு ஜாக்கெட்' கொண்டுபோகிறோமே, அதே யோசனைதான். அந்த உடை ஏற்கெனவே நம் உடம்பில் சரியாக நிற்கிறது என்பதால் அளவு பற்றிய பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது. கச்சிதமான குர்த்தியைத் தேய்த்து, நீளவாக்கில் முன்பக்கம் வெளியே தெரிய மடித்து, பேப்பர் மேல் வைத்து, தோள் முனையிலும் அக்குளிலும் அடியிலும் குண்டூசி குத்தி ஓரத்தைச் சுற்றி வரைய வேண்டும். பிறகு பின்பக்கம் தெரிய மடித்து இன்னொரு பேப்பரில் வரைய வேண்டும். இரண்டையும் ஒரே பேப்பரில் வரைந்துவிட்டு 'ஒன்றுதானே' என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். முன்பக்கக் கைக்குழி பின்பக்கத்தைவிட உள்ளே குடைந்திருக்கும். அதை விட்டுவிட்டால் கையை முன்னால் நீட்டும்போது அக்குளருகே துணி மடிந்து குவியும்.

எதைப் பார்த்து எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பனியன் துணியில் தைத்த டாப்பைப் பார்த்துப் பாப்ளினில் வெட்டினால் தலை நுழையாது; அது இழுபட்டு விரிவதால் உடம்பைவிடச் சின்னதாக வெட்டப்பட்டிருக்கும். ரேயான் குர்த்தியைப் பார்த்துப் பாப்ளினில் வெட்டினாலும் கொஞ்சம் இறுக்கும், முன்பாகம், பின்பாகம் இரண்டிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை இஞ்ச் கூட்டிக்கொள்ள வேண்டும். மார்பில் டாட், அதாவது கூராக முடியும் மடிப்புத் தையல், பிடித்த உடை தட்டையாகப் படுக்காது, அதைத் தவிர்த்துவிட்டு டாட் இல்லாததை எடுக்க வேண்டும். வரைந்து முடித்ததும் பக்கங்களுக்கு ஒரு இஞ்ச், தோளுக்கு அரை இஞ்ச், கழுத்துக்குக் கால் இஞ்ச், அடிக்கு ஒன்றரை இஞ்ச் பிடி சேர்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு இஞ்ச் விடுவது நம்மூர் வழக்கம், பிறகு பிரித்துவிட உதவும்.

இரண்டாவது வழி, அளவு எடுத்து வரைவது, தையல் வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பது. மார்பு 36, தளர்வுக்கு 4 சேர்த்து 40, நாலில் ஒரு பங்கு 10, பிடி 1, ஆக 11. கணக்கு கேட்க எளிது. ஆனால் தன் உடம்பைத் தானே அளக்க முடியாது. டேப் முதுகில் இறங்கும், மூச்சை இழுத்துப் பிடிப்போம். தோளில் கால் இஞ்ச் தப்பினால் கைக்குழி தப்பும், கைக்குழி தப்பினால் கை ஏறாது. தையலைத் தொடரப்போகிறவர் இதைக் கட்டாயம் கற்க வேண்டும், ஏனென்றால் இது தெரிந்தால் எந்த உடையையும் யாருக்கும் வெட்டலாம். ஒரு ஆறு மாதம் போகட்டும்.

மூன்றாவது, அச்சிட்ட பேட்டர்ன். 1863-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்டெர்லிங் ஊரில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் அளவு வாரியாகத் தாள் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். வீட்டில் தைக்கும் பெண்களுக்கு அது பெரிய கொடை. இன்றைக்கும் நல்ல பேட்டர்னில் பாவு நூல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற அம்புக்குறி, எதை எதோடு சேர்ப்பது என்ற வெட்டுக்குறி, முதலில் எதைத் தைப்பது என்ற வரிசை எல்லாம் இருக்கும். காலர், ஜிப், மார்பின் மேலாக நெடுகத் தையல் ஓடும் பிரின்சஸ் கட் என்று போனால் அதுதான் கைகொடுக்கும். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் நம்மூர்ப் பெண்ணுக்கு அதில் சில இடறல்கள் உண்டு. அமெரிக்கப் பேட்டர்ன்கள் பெரும்பாலும் 5 அடி 5, 6 இஞ்ச் உயரத்துக்கு வரையப்பட்டவை. அண்ணன் மகள் 5 அடி 1. அடியில் வெட்டி நீளத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. இடுப்பு கீழே போய் உட்காரும். கைக்குழிக்கும் இடுப்புக்கும் நடுவே தாளை மடித்துக் குறைக்க வேண்டும், அதற்கென்று கோடு போட்டிருப்பார்கள். அளவு எண்ணும் கடை உடையின் எண்ணும் ஒன்றாக இருக்காது. எண்ணைப் பார்க்காமல் உறைமேல் இருக்கும் மார்பு, இடுப்பு அளவைப் பார்த்தே எடுக்க வேண்டும். தையல் பிடியும் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்கப் பேட்டர்னில் ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்தே இருக்கும். ஜெர்மனியின் பர்டா இதழில் வரும் மாதிரிகளில் சேர்த்திருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். தெரியாமல் வெட்டினால் உடை உடம்பில் ஏறாது.

இணையத்தில் வாங்கி ஏ4 தாளில் அச்சிடுபவர்கள் முதலில் சோதனைச் சதுரம் இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து அளக்க வேண்டும். 'ஃபிட் டு பேஜ்' தேர்வாகியிருந்தால் எல்லாமே கொஞ்சம் சுருங்கி வரும், கண்ணுக்குத் தெரியாது. இருபது முப்பது தாளை ஒட்டிய பிறகு தெரிந்து பயனில்லை. அச்சுச் செலவையும் ஒட்டும் நேரத்தையும் சேர்த்தால், இந்த ஒரு கவுனுக்கு மாதிரியின் விலை துணியின் விலையைத் தாண்டிவிடலாம். நம் கடைகளில் பிரவுன் தாளில் வெட்டிய ரெடிமேட் மாதிரிகளும் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் பிளவுஸுக்கு உரியவை.

எதோடு எது சேரும்?

துணியையும் மாதிரியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் வரும் தொல்லையை முதலிலேயே சொன்னேன். புது மாதிரியைப் புரியாத துணியில் வெட்டினால், உடை சரியாக வராதபோது தப்பு எதில் என்றே தெரியாது. அச்சிட்ட பேட்டர்ன்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் முதலில் காடாவிலோ பழைய பெட்ஷீட்டிலோ வெட்டிப் போட்டுப் பார்க்கட்டும், பிறகு பாப்ளினுக்குப் போகட்டும். ரேயான்தான் வேண்டும் என்பவர்கள் ஏற்கெனவே பாப்ளினில் தைத்து உடுத்திப் பார்த்த மாதிரியைக் கொண்டு வெட்டட்டும். குழந்தைக்குக் கவுன் என்றால் பழைய சேலையும், பிள்ளை போட்டுக்கொண்டிருக்கும் சட்டையைப் பார்த்து எடுத்த மாதிரியும் போதும். ஒரு சுற்று பெரிதாகவே வெட்டலாம், வளர்ந்துவிடும்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஊசியும் நூலும். மிஷினோடு வந்த ஊசியிலேயே ஒரு வருஷம் ஓட்டுகிறார்கள். முனை மழுங்கினால் துணியில் நூல் இழுபட்டுக் கோடு விழும். பாப்ளினுக்கு 14-ஆம் எண் ஊசி, ரேயானுக்கும் மல் என்ற மெல்லிய பருத்தித் துணிக்கும் 11. நூலைக் கையில் எடுத்து இழுத்து அறுத்துப் பார்த்து வாங்க வேண்டும். சும்மா அறுந்தால் தையலும் அப்படியே அறும்.

செவ்வாய்க்கிழமை அவள் சந்தைக்குப் போய் மூன்று மீட்டர் மெரூன் பாப்ளின் எடுத்தாள். "கிழிச்சே குடுத்தாரு அத்தை" என்றாள். ராத்திரி முழுக்க வாளியில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தோடு தேய்த்து அளந்தபோது நாலு இஞ்ச் குறைந்திருந்ததாம். நேற்று செய்தித்தாளில் வரைந்த மாதிரியைப் படம் எடுத்து அனுப்பினாள். முன்பாகமும் பின்பாகமும் தனித்தனியாக, பெயர் எழுதி, அம்புக்குறி போட்டு, சுத்தமாக இருந்தது. முன்பக்கக் கைக்குழி மட்டும் போதவில்லை. "இன்னும் அரை இஞ்ச் உள்ளே குடைஞ்சு வரை கண்ணு, அப்புறம் கத்தரி எடு" என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெட்டுகிறாள்.